நாள்தோறும் நனையும் வேர்கள்

சிதம்பரத்திலிருந்து கிழக்கே, கிள்ளை வழியாக ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால் பிச்சாவரம். நிலம் எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துச் சொல்ல இயலாத இடம் அது. வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் வங்கக் கடலோடு கலக்க, அவ்விரு கழிமுகங்களுக்கும் இடையே உப்பங்கழியில் காலூன்றி நிற்கிறது அலையாத்திக் காடு. அலையை ஆற்றுவது, அதாவது தணிப்பது, என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தைப் பாடும்போது கண்டல் மரத்தைப் பலமுறை பாடியுள்ளனர். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பழம்பெயரை அளித்த தில்லை மரமும் இந்நிலத்துக்கு உரியதே. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு என்பர்.

1975-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இதயக்கனி’ திரைப்படத்தில் இக்கால்வாய்களைக் கண்டவர் பலர். 2022-ஆம் ஆண்டில் பிச்சாவரம், ஏறத்தாழ 1,479 ஹெக்டேர் பரப்புடன், ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் நம் கத்தோலிக்கக் குடும்பங்களுள் பல இக்காட்டின் அருகே கடந்து சென்றும் அதனைக் கண்டதில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்களின் இறுதியில் காவியுடுத்தி, செபமாலை சொல்லிக்கொண்டு, கடலூரிலிருந்து சிதம்பரம் வழியாக வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகச் செல்லும் நம் மக்களின் பார்வை தெற்கு நோக்கியே இருக்கும். கிழக்கே சில கல் தொலைவில் ஆண்டவர் எழுதி வைத்திருக்கும் ஒரு பாடத்தைப் படிக்க அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. அப்பாடத்தைக் குறித்தே இங்குச் சில சொற்கள் எழுத விழைகிறோம்.

படகுத் துறையில் எழுந்த கேள்வி

பங்குக் குடும்பங்கள் சிலவற்றுடன் நாம் பிச்சாவரம் சென்றிருந்தபோது, படகுக்காகக் காத்திருந்த வேளையில், நடுத்தர வயதுடைய குடும்பத் தலைவர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்: “சாமி, கீழ்ப்படிதல் என்பது உங்களைப் போன்றவர்களுக்குத்தானே? ஆயர் சொன்னால் மறுநாளே மூட்டை கட்டிக்கொண்டு வேறு பங்குக்குப் போகிறீர்கள். கன்னியருக்கு அது வார்த்தைப்பாடு. எங்களைப் போன்ற சம்சாரிகளுக்கு விசுவாசம் போதாதா?”

நல்ல கேள்வி. இக்கேள்வியைக் கேளாமலேயே வாழ்நாள் முழுவதும் அதற்கேற்ப நடந்துகொள்வோர் பலர். ஞாயிறு திருப்பலி, முதல் வெள்ளி, செபமாலை மாதம், தவக்காலம், வேளாங்கண்ணிப் பயணம் என்று நம் பக்தி முயற்சிகளுக்குக் குறைவில்லை. இவை யாவும் நல்லவையே. ஆனால் திங்கட்கிழமை காலையில் கடையிலும் வயலிலும் அலுவலகத்திலும், ஆண்டவர் சொன்னதில் எதைச் செய்தோம் என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்குகிறோம். அன்பருக்கு உடனே விடை கூறாமல், “படகில் ஏறுங்கள், காடு சொல்லும்” என்றோம்.

படகேறுமுன் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுக்கப்பட்டது. “தண்ணீர் இடுப்பளவுதானே, இது எதற்கு?” என்று இளைஞர் ஒருவர் நகைத்தார். படகோட்டி கோபிக்கவில்லை, துடுப்பையும் எடுக்கவில்லை. இளைஞர் அதனை அணிந்து கயிற்றைக் கட்டிய பிறகே படகு நகர்ந்தது. விசுவாசத்துக்கும் கீழ்ப்படிதலுக்கும் உள்ள உறவை அவ்வளவு சுருக்கமாக நாம் பீடத்தில் நின்று விளக்கியதில்லை. படகோட்டியை நம்புகிறேன் என்று சொல்பவர் அவர் சொன்னபடி கயிற்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டாதவருடைய நம்பிக்கை வாயளவில் நின்றுவிடுகிறது.

உப்பிலே வாழும் மரங்கள்

படகு குறுகிய கால்வாய்க்குள் நுழைந்ததும் வெயில் மறைந்தது. இருபுறமும் சுரபுன்னை மரங்கள், தண்டிலிருந்து வில்போல் வளைந்து இறங்கும் தாங்குவேர்களால் சேற்றைப் பற்றி நிற்கின்றன. வெண்கண்டல் மரத்தின் வேர்களோ, காற்றில்லாத சேற்றிலிருந்து விரல்களைப் போல மேலெழுந்து மூச்சு வாங்குகின்றன. பிற மரங்களைக் கொன்றுவிடும் உப்புநீர் இவற்றின் அன்றாட உணவு. சுரபுன்னை தன் வேரிலேயே உப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. வெண்கண்டல் உப்பை உள்வாங்கி, இலைகளின் வழியே வெளியேற்றுகிறது. அதன் இலையைத் தடவிப் பார்த்தால் விரலில் உப்பு ஒட்டும்.

இங்குள்ள தாய்மார்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சுரபுன்னையின் விதை தரையில் விழுந்த பின் முளைப்பதில்லை. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு வளர்கிறது. பருவம் வந்தபின் விழுந்து, சேற்றில் குத்தி நின்றோ, நீரில் மிதந்து சென்று வேறிடத்தில் ஒதுங்கியோ வேர்பிடிக்கிறது. உப்பும் அலையும் நிறைந்த இடத்தில் வெறும் விதையாக விழுந்தால் பிழைப்பது அரிது என்பதால் இறைவன் அமைத்த ஏற்பாடு இது. நம் பிள்ளைகளும் அவ்வாறே. அவர்கள் விழப்போகும் உலகம் உப்புநீர் நிறைந்தது. “கீழ்ப்படி” என்று பிள்ளைக்குச் சொல்லுமுன், தந்தை தாமே எவருக்கேனும் கீழ்ப்படிவதைப் பிள்ளை கண்டிருக்க வேண்டும். ஆள் இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்கில் நிற்கும் தந்தை, கடைக்காரர் தவறுதலாக மிகுதியாகக் கொடுத்த சில்லறையைத் திருப்பிக் கொடுக்கும் தாய்: இவர்களுடைய கிளையில்தான் பிள்ளையின் விசுவாசம் முளைக்கிறது.

நீர் நின்றால் உவர்

இக்காட்டை உயிரோடு வைத்திருப்பது எது? பெருமழையன்று, புயலுமன்று. நாள்தோறும் இருமுறை கடல்நீர் கால்வாய்களில் ஏறுகிறது; இருமுறை வடிகிறது. ஓதம் என்பது இதுவே. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஓதம் பல மீட்டர் உயரம் எழும்பும். பிச்சாவரத்திலோ அது ஒரு மீட்டரைக்கூடத் தாண்டுவது அரிது. கண்ணுக்குப் புலப்படாத அளவில் ஏறி, ஓசையின்றி இறங்கும் இச்சிறு அசைவே வேர்களில் தேங்கும் உப்பைக் கழுவி, உரத்தையும் மீன்குஞ்சுகளையும் கொண்டுவருகிறது.

அவ்வசைவு நின்றுபோன இடங்களில் என்ன நேர்ந்தது என்பதைப் பிச்சாவரத்தின் வரலாறு கூறுகிறது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலந்தொட்டு 1970-களின் நடுப்பகுதிவரை, காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, முறைவைத்து ஒவ்வொரு பகுதியையும் முற்றிலும் வெட்டும் வழக்கம் இருந்தது. மரங்கள் நீங்கிய தரையில் வெயில் பட்டது. சேற்றின் ஈரம் வற்றித் தரை தாழ்ந்து, தாம்பாளம்போல் குழிந்தது. உயர் ஓதத்தின்போது உள்ளே வந்த நீர் வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. ஆண்டுக்கு ஆண்டு உப்பு மிகுந்து, முடிவில் புல்லும் முளைக்காத உவர்த்தரை ஆயிற்று. கடலோ சில அடி தொலைவில்தான் இருந்தது!

காடு அழிந்ததற்கு ஆடுமாடு மேய்ப்போரும் விறகு பொறுக்கும் ஏழைப் பெண்களுமே காரணம் என்று நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. 1988-இல் தொடங்கப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் வந்து ஆராய்ந்தபோது, மூல காரணம் வேறு என்று கண்டனர். நீரோட்டம் தடைப்பட்டதே நோய். ஆகவே நீரோட்டத்தைத் திறப்பதே மருந்து. வனத்துறையும் ஊர் மக்களும் அவர்களோடு கைகோத்தனர். இயற்கைக் கால்வாயிலிருந்து உவர்த்தரைக்குள் ஒரு பெருவாய்க்காலும், அதிலிருந்து மீன்முள் போல இருபுறமும் கிளைவாய்க்கால்களும் வெட்டப்பட்டன. ஓதநீர் மீண்டும் ஏறி இறங்கத் தொடங்கியது. மண்ணின் உப்பு குறைந்தது. வாய்க்கால் ஓரங்களில் நட்ட வெண்கண்டல் கன்றுகள் பற்றிக்கொண்டன. சில ஆண்டுகளில் உவர்த்தரை காடாயிற்று. ஆனால் வாய்க்காலை ஒருமுறை வெட்டிவிட்டால் போதாது. சேறு படிந்து தூர்ந்துபோகும். அதனைத் தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும்.

வாசகர்களே, நம் ஆன்ம வாழ்வின் நோயும் மருந்தும் இங்கே சொல்லப்படவில்லையா? மறையுரை கேட்கிறோம், தியானம் செய்கிறோம், நற்செய்தி வாசிக்கிறோம். அருள்நீர் உள்ளே வருகிறது. ஆனால் அது நம் கைகளின் வழியே பிறருக்குச் செயலாக வெளியேறுவதில்லை. உள்ளே வந்த நீர் தேங்குகிறது, தேங்கியது உப்பாகிறது. பல்லாண்டு பக்தியில் ஊறியவருள் சிலர் கடுஞ்சொல்லினராயும் பிறரைக் குறைகூறுவோராயும் இருப்பதைக் கண்டு நம் இளைஞர் இடறல்படுகின்றனரே, அதன் காரணம் இதுவே. கடவுள் சில அடி தொலைவில்தான் இருக்கிறார். அடைபட்டிருப்பது வாய்க்கால். அத்தகைய உவர்த்தரையில் மேலும் மேலும் கன்றுகளை நட்டுப் பயனில்லை. புதிதாக ஒரு நவநாள் தொடங்குமுன் பழைய அடைப்பு ஒன்றைத் திறக்க வேண்டும். அதற்காகவே ஒப்புரவு அருட்சாதனத்தை ஆண்டவர் தந்தார். தூர்வாருவது ஆண்டுக்கு ஒருமுறை பாஸ்கா காலத்தில் மட்டும் செய்யத்தக்க வேலையன்று.

திருக்குடும்பத் திருநாளன்று வந்த அலை

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. திருச்சபை அன்று திருக்குடும்பத் திருநாளைக் கொண்டாடியது. அன்றைய நற்செய்தி, சூசையப்பர் கனவில் தூதரின் சொல் கேட்டு எழுந்து, இரவோடிரவாகக் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குச் சென்ற வரலாறு. நம் கோவில்களில் அது வாசிக்கப்பட்ட அந்தக் காலையில்தான் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. நாகப்பட்டினமும் கடலூரும் கண்ணீர்க் கடலாயின. வேளாங்கண்ணிக் கடற்கரையில் இருந்த திருப்பயணிகள் பலரும் மாண்டனர். பிச்சாவரத்துக்கு அருகே, கடலுக்கும் கழிக்கும் இடையிலுள்ள மணல்மேட்டுக் குப்பங்கள் சிதைந்தன.

அதே வேளையில், அடர்ந்த காட்டின் பின்புறம் இருந்த சிற்றூர்கள் பெருஞ்சேதமின்றித் தப்பின. 2005-இல் ஆய்வாளர்கள் இதனை எழுதியபோது உலகமே பிச்சாவரத்தைத் திரும்பிப் பார்த்தது. ஊர்கள் கடலிலிருந்து அமைந்த தொலைவும் மேடும் காரணங்களே என்று வேறு சில அறிஞர் எடுத்துக்காட்டினர், அதுவும் கருதத்தக்கதே. ஆயினும் மரங்களும் வேர்களும் அலையின் வேகத்தைத் தணித்ததை அப்பகுதி மக்கள் அறிவர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மாண்டவர் பாவிகள், தப்பியவர் நல்லவர் என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவரைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று நம் ஆண்டவரே அழுத்தமாகக் கூறியுள்ளார். கரையோரத்தில் இறந்த குழந்தைகளின் தாய்மாரிடம் வேறெந்த விளக்கமும் சொல்லத் துணியலாகாது. நாம் கற்கத்தக்க பாடம் வேறு. காடு அலையைத் தணிக்கும் ஆற்றலை அந்த ஞாயிறன்று பெறவில்லை. அதற்கு முன் ஆயிரமாயிரம் நாள்கள், எவரும் பாராத வேளையில், நாளுக்கு இருமுறை வந்த சிறு ஓதத்தை ஏற்று ஏற்று வேர்விட்டிருந்தது. சூசையப்பரும் எகிப்துக்குப் புறப்பட்ட இரவில் திடீரென்று கீழ்ப்படியக் கற்றுக்கொண்டவரல்லர். மரத்தை இழைத்து, கூலிக்கு வேலை செய்து, திருச்சட்டம் விதித்தபடி நாள்களைக் கழித்த தச்சர் அவர். அவர் பேசிய சொல் ஒன்றுகூட நற்செய்தியில் இல்லை. எழுந்தார், சென்றார், செய்தார் என்பதே அவருடைய வரலாறு.

நம் குடும்பங்களுக்கும் பேரலை வரும். மருத்துவர் வாயிலிருந்து ஒரு நோயின் பெயராக வரலாம், வேலையிழப்பாக வரலாம், பிள்ளையின் வழி தவறிய வாழ்வாக வரலாம். அன்றைக்கு விசுவாசத்தைத் தேடிக்கொள்வோம் என்று காத்திருப்பவர், அலை கண்ட பின் மரம் நட ஓடுபவருக்கு ஒப்பாவார்.

எதற்குக் கீழ்ப்படிவது?

கீழ்ப்படிதல் என்றவுடன் அடிமைத்தனம் என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சத்துக்கு நாமே இடம் கொடுத்திருக்கிறோம். குடித்துவிட்டு வந்து கை நீட்டும் கணவருக்கு மனைவி அடங்கிப்போக வேண்டும் என்று திருநூலைத் துணைக்கழைப்போர் சிலர். அது கீழ்ப்படிதலன்று, கொடுமைக்குத் துணைபோதல். மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று தலைமைச் சங்கத்தின் முன் நின்று உரைத்தவர் முதல் பாப்பரசராகிய இராயப்பரே. அவரே கீழ்ப்படிதலின் இனிய பாடத்தையும் தந்தவர். இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் அகப்படாத காலையில், தச்சர் மகன் ஒருவர் பட்டப்பகலில் ஆழத்துக்குப் போய் வலை போடச் சொல்கிறார். மீன்தொழிலை அறிந்த எவரும் நகைக்கத்தக்க கட்டளை! கிள்ளை மீனவரைக் கேட்டுப் பாருங்கள். இராயப்பர் தம் அனுபவத்தை மறைக்கவில்லை, எடுத்துச் சொன்னார். ஆயினும் சொன்னவரின் பொருட்டு வலையைப் போட்டார். விளங்கிய பிறகு கீழ்ப்படிவது அறிவு. கீழ்ப்படிந்த பிறகு விளங்குவது விசுவாசம்.

ஆண்டவர் நம்மிடம் கேட்பவை பெரும்பாலும் சிறியவை. வேலையாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடு என்கிறது பழைய ஏற்பாடு. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு முதல் தேதியன்றே ஊதியம் கொடுப்பது அதற்குக் கீழ்ப்படிதல். குழந்தை தெரேசம்மாள் 24-ஆம் வயதில் மறைந்தவர். மடத்துக்கு வெளியே எந்தப் பெருஞ்செயலும் செய்தவரல்லர். சிறு கடமைகளைப் பேரன்போடு செய்த அவரை 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்று உயர்த்தினார் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால். பாப்பரசர் பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவ்தாத்தோ சி’ சுற்றுமடலிலும், நெகிழியைத் தவிர்ப்பது, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுவது, தேவையற்ற விளக்கை அணைப்பது போன்ற அன்றாடச் செயல்களை அன்பின் செயல்களாகவே எடுத்துரைத்தார். இருளர் மக்கள் நீரில் இறங்கி வெறுங்கையால் இறால் தடவிப் பிடிக்கும் கால்வாயில், தண்ணீர்ப் புட்டியை வீசிவிட்டு வருபவர் பத்துக் கட்டளைகளில் எதை மீறினார் என்று கேட்கலாம். அடுத்தவரைத் தன்னைப்போல் நேசிக்கச் சொன்ன கட்டளையைத்தான்.

படகை விட்டு இறங்கிய பின், முன்பு கேள்வி கேட்ட அன்பர் நம்மைத் தனியே அழைத்தார். அவருடைய இசைவுடன், ஊரும் பேரும் தவிர்த்து இதனை எழுதுகிறோம். தந்தை உயில் எழுதாமல் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றனவாம். நிலத்தில் தங்கைக்குப் பங்கு கொடுக்கவில்லை; திருமணத்தில் நகை போட்டதோடு சரி என்று சொல்லி, விடுதலைப் பத்திரத்தில் அவரிடம் கையெழுத்துக் கேட்டு வருகிறார். தங்கை கையெழுத்திடவில்லை, பேச்சும் நின்றுவிட்டது. இவரோ ஆண்டு தவறாமல் வேளாங்கண்ணிக்கு நடப்பவர். “தேவமாதா என் மன்றாட்டை ஏன் கேட்பதில்லை, சாமி?” என்றார்.

நாம் அவருக்குச் சொன்னவை இரண்டு. முதலாவது, சட்டம்: உயிலின்றி இறந்த கிறிஸ்தவத் தந்தையின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு உண்டு என்பது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். நகையைக் காட்டி அவ்வுரிமையை மறுக்க இயலாது. இரண்டாவது, நற்செய்தி: காணிக்கை செலுத்த வரும்போது சகோதரருக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் உறவாடச் சொன்னவர் நம் ஆண்டவர். வேளாங்கண்ணிக்கு நடப்பதை விட்டுவிடும்படி நாம் சொல்லவில்லை. அதற்கு முன் தங்கை வீடுவரை நடந்துவிட்டு வரச் சொன்னோம். தூரமும் குறைவு.

தங்கை வீட்டுப் படியேறுவதற்கே அவருக்கு நான்கு திங்கள் ஆயிற்று. முதல் நாள் தண்ணீர் மட்டும் கிடைத்ததாம், பேச்சு நீளவில்லை. பத்திர வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதிலும் மனத்தாங்கல்கள் எழாமலில்லை. இதில் வியப்பென்ன? வாய்க்கால் வெட்டிய மறுநாளே காடு முளைப்பதில்லை. பல ஆண்டுகளாகப் படிந்த உப்பு, ஏறி இறங்கும் நீரால் சிறிது சிறிதாகவே கழுவப்படும். வாய்க்கால் திறந்துவிட்டது, அது போதும்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, இரு மக்களை உடைய தந்தையின் உவமையை நினைவுகூர்வோம். போகிறேன் என்று சொல்லிப் போகாத மகனும், மாட்டேன் என்று சொல்லிப் பின் மனம் வருந்திப் போன மகனும் அதில் வருகின்றனர். தந்தையின் விருப்பத்தைச் செய்தவர் எவர் என்ற கேள்விக்கு நம் வீட்டுச் சிறுவனும் விடை சொல்வான். திருப்பலியில் “ஆமென்” என்று நாம் சொல்வதெல்லாம் போகிறேன் என்று சொல்வதே. வயலுக்குப் போனோமா என்பதை அடுத்த ஆறு நாள்கள் காட்டும்.

இன்றிரவு குடும்ப செபம் முடிந்தபின், விளக்கணைக்குமுன் சிறிது நேரம் அமர்ந்து, நம் வீட்டில் எந்த வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நன்று. கொடுக்க வேண்டிய கூலியா, கேட்க வேண்டிய மன்னிப்பா, முதிய பெற்றோருக்கு அனுப்பத் தவறிய பணமா, திருப்பித் தராத கடனா? ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு, நாளைக் காலையில் அதற்கான முதல் வேலையைச் செய்வோம். நாசரேத்தூரில் முப்பது ஆண்டுகள் தாய்க்கும் வளர்ப்புத் தந்தைக்கும் கீழ்ப்படிந்து வாழ்ந்த இயேசு, அச்சிறு வேலையில் நமக்குத் துணைநிற்பாராக.